பின்சக்கரத்துக் குடம்

எங்கள் வீட்டு மூன்று சக்கர வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஏழு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு தெரு இல்லை, மூன்று. பிரசவமும் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் சத்தம் சத்தம்தான். வாசல் கதவின் தாழ்ப்பாள் தானாகக் கழன்று விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு சொல் கூடுதல் கிடையாது.

அந்த வண்டியை எலும்புக்கூட்டிலிருந்து எழுப்பி நிறுத்தியவள் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவள் வேலை பார்த்தது பம்பு செய்யும் ஆலையில், சோதனைப் பிரிவில். வார்ப்பிலிருந்து வரும் பம்பு ஓடுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, ஆகாததன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவாள். முப்பத்தொரு வருடம் அதே வேலை. ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. “சந்தேகம் பாத்தாச்சா?” என்று கேட்காமல் மேஸ்திரி எதையும் லாரியில் ஏற்ற மாட்டார். அந்தப் பெயர் அவளோடு வீட்டுக்கும் வந்து, என் பிள்ளைகளுக்குச் சந்தேக அத்தை ஆகிவிட்டாள்.

பயந்தவள் என்றால் அப்படியொரு பயந்தவள். ஏணியில் ஏறுமுன் ஒவ்வொரு படியையும் உதைத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறுமுன் டயரைப் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அவளைக் கட்டிக்கொள்ள விரும்பி ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். அவர் வணக்கம் சொல்லி வாய் மூடுவதற்குள் குனிந்து முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, “பேரிங் போயிடுச்சுங்க” என்றாள். மனிதர் திரும்பிப் போனார். இனி வரமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம். நான்கு நாள் கழித்துப் புதுப் பேரிங் போட்டுக்கொண்டு வந்தார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருடம் நன்றாக வாழ்ந்தார்கள். கடைசியில் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. அதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க அவளிடம் சுத்தியல் இல்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. என் மாமனார் இளவயதில் மலைச்சாலைப் பந்தயத்தில் வண்டி ஓட்டியவர். இதே வண்டிதான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. படகு மாதிரி உடம்பு, அதில் இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். என்ஜின் மூக்கைப் போல முன்னால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சங்கிலி இழுப்பது அந்த ஒற்றைப் பின்சக்கரத்தைத்தான். ஆகவே வண்டியின் உயிர் அதன் நடுவில் இருக்கும் குடத்தில் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஹப் என்பார்கள். பந்தய வண்டிக்கு எடை குறையவேண்டும் என்று குடத்தை இரும்பில் செய்யாமல் லேசான அலுமினியக் கலவையில் வார்த்து, போதாக்குறைக்குச் சுற்றிலும் ஓட்டை வேறு போட்டிருப்பார்கள். சல்லடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

ஒரு பந்தயத்தில், மேலே போய்த் திரும்பி இறங்கும்போது, மூன்றாவது வளைவில் அந்தக் குடம் உடைந்தது. சந்தேகத்துக்கு அப்போது ஏழு வயது. அந்த வளைவில் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்து அப்பா வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணாடி டம்ளர்ல சுடுதண்ணி ஊத்தினா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி கேட்டுச்சு. அப்புறம் அப்பாவைக் காணோம்” என்பாள். அவர் சரிவின் அடியில் கிடந்தார். பிழைத்தார். இடது கால் நான்கு விரற்கடை குட்டையாகிவிட்டது. வண்டிக்கு இரும்புக் குடம் ஒன்றை மாட்டி, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பின்கட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

என் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே தார்ப்பாயை விலக்கினார். வண்டியை முழு அளவில் காக்கிக் காகிதத்தில் வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். சோபாவை எங்கே போடுவது என்று நான் கேட்டதற்கு, “பின்சக்கரத்துக்குக் கீழே போடு” என்றார்.

அண்ணனும் தங்கையும் மூன்று வருடம் வேலை செய்தார்கள். துருவில் இறுகிப்போன பிஸ்டனுக்கு மேல் தினமும் டீசல் ஊற்றி மரக்கட்டையால் மெல்லத் தட்டினாள். பதினோராவது நாள் அது ஒரு நூல் அசைந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட என் முகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காணாமல்போன பந்தயச் சாமான்களை அவர் கடிதம் எழுதி எழுதித் தேடினார். அகல வாய்க் கார்புரேட்டர் ஒரு லாரிப் பட்டறைப் பரணில் கிடைத்தது. இரட்டை வாய் சிலிண்டர் தலை ஒன்றை ஒரு வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கடைசியாக வந்ததுதான் குடம். கடல் தாண்டி, காலஞ்சென்ற ஒரு பந்தயக்காரரின் மனைவி பிஸ்கட் டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தார். அந்த வகையில் உலகத்தில் ஐந்தோ ஆறோதான் மிச்சம் என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். பாம்பைப் பார்த்தது மாதிரி.

“இதை யாரு கழட்டினா அண்ணா? எதுக்குக் கழட்டினா?”

“பத்திரமா எடுத்து வச்சிருப்பாரு.”

“நல்லா இருக்கற சாமானை எவனும் கழட்டிப் பெட்டியில வைக்க மாட்டான்.”

“அப்பா ஓட்டின மாதிரியே ஓட்டணும். அவ்வளவுதான். அந்த மேட்டுல ஏறி இறங்கணும்.”

“அப்பா இறங்கின மாதிரியேவா?”

பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்றை அதே மலைச்சாலையில் நடத்தப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் வண்டியின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னார். ஓட்டுவது அவர், பக்கத்தில் உட்காருவது நான்.

கடைசியில் ஒரு உடன்பாடு ஆயிற்று. அவள் சோதிப்பாள். தேறினால் மாட்டலாம், இல்லையென்றால் இரும்புக் குடமே இருக்கட்டும். அவளுடைய சோதனை எளிமையானது. சாமானை ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போடுவாள். எடுத்து ஈரமில்லாமல் துடைப்பாள். மேலே சாக்பீஸ் தூளைப் பவுடர் போடுவதுபோலத் தூவுவாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து வெள்ளைத் தூளில் கோடு போடும். ஆலையில் அந்தச் சோதனை அவளை ஒருதடவைகூட ஏமாற்றியதில்லை.

இனி என் திருவிளையாடல். ஊர்வலத்துக்கு முன்னால் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குடமோ வெற்றிலை போட்ட பல் மாதிரி இருந்தது. நாத்தனார் பேரிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கொட்டகையில் மெருகேற்றும் மோட்டார் ஒன்று உண்டு, அதன் முனையில் துணிச் சக்கரம் சுழலும். போன வருடம் அது என் முந்தானை நுனியைத் தின்றதிலிருந்து, நான் அதன் பக்கம் போகக்கூடாது என்று சந்தேகத்தின் உத்தரவு. போனேன். குடத்தை முக்கால் மணி நேரம் அதில் பிடித்தேன். என் மீசைகூடத் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

அவள் வந்து பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

“யாரு தேய்ச்சது?”

“நான்தான். சாம்பலும் துணியும் வச்சு, கையாலே.”

“மெஷின்ல பிடிக்கலயே?”

“சேச்சே! இங்க பாரு, தோள்பட்டை கழண்டு தொங்குது.”

“ஏன் அண்ணி இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?” என்று தைலம் எடுத்துவந்து என் தோளில் தேய்த்துவிட்டாள். நானும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முந்தானைக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

சோதனை நடந்தது. தூள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு மணி நேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கோடு இல்லை. என் வீட்டுக்காரர் கைதட்டினார். அவள் மட்டும், பரீட்சையில் யாரோ எழுதிக்கொடுத்துப் பாஸானவள் மாதிரி, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாட்டினாள்.

ஊர்வல நாள். மலையடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. கொடி ஆட்டுபவர் நிமிஷத்துக்கு ஒன்றாக அனுப்பினார். மேலே போய், அணைக்கட்டைச் சுற்றி, அதே சாலையில் இறங்கிவர வேண்டும். எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். நான் தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தவளைபோல உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கை அடியில் பல் கூசுகிற மாதிரி அதிர்ந்தது.

எங்களுக்கு அடுத்து ஒரு பல் டாக்டர், பழைய மோட்டார் சைக்கிளில். அது தலைமுதல் கால்வரை மின்னியது. நாத்தனார் எங்கள் வண்டியின் ஒவ்வொரு நட்டையும் மூன்றாம் தடவையாகத் தொட்டுக்கொண்டே அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“பளபளன்னு வச்சிருக்கீங்க டாக்டர்.”

“மெஷின் மெருகுங்க. நம்ம தொழிலே அதுதானே.”

“மெருகு போடறதுக்கு முன்னாடி வெடிப்புப் பாத்தீங்களா?”

“அப்புறமாப் பாத்தா ஆகாதா?”

“ஆகாதுங்க. இது மெத்துன்னு இருக்கற உலோகம். துணிச் சக்கரம் அதை வெண்ணெய் மாதிரி இழுத்து வெடிப்போட வாயை மூடிடும். அப்புறம் மண்ணெண்ணெய் உள்ளயே போகாது. வெடிப்பு அப்படியே இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் காட்டாது. கையால தேய்ச்சாக்கூடப் பரவாயில்ல, மெஷின் கூடவே கூடாது.”

என் காதுக்குள் என்ஜின் நின்றுவிட்டது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. திரும்பிப் பின்சக்கரத்தைப் பார்க்க நினைத்தேன், கழுத்து வரவில்லை. முதல் வண்டி கிளம்பியது. இன்னும் மூன்று.

“ஏங்க, வண்டிய அணைங்க. அந்த ஹப்பை நான் மெஷின்ல பிடிச்சேன்.”

“என்னது?”

“மெஷின்ல பிடிச்சேன்! கையால தேய்ச்சேன்னு சொன்னது பொய்!”

அவர் சிரித்தார். நாற்பது வருடமாக நான் சொன்ன கதைகளுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தார். “ஆரம்பிச்சிட்டியா? போன மாசம் முன்சக்கரம் கழலுதுன்னு நடு ரோட்டுல நிறுத்த வச்சியே.”

“அது சும்மா. இது நிஜம்.”

“அன்னைக்கும் இதேதான் சொன்ன.”

இரண்டாவது வண்டி போனது. புலி வருது, புலி வருது என்று ஊரைக் கூட்டியவள் நான். புலி இப்போது என் இருக்கைக்குப் பின்னால் ஒன்றரை முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது, பளபளவென்று. அழுகை வந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி அவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்திருப்பார். நான் நாத்தனாரைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லி அல்ல, “சந்தேகம்!” என்று கத்தினேன். நான் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஓடிவந்தாள். சொன்னேன். அவள் சத்தியம் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. சாலையில் மல்லாந்து படுத்து, வண்டியின் வாலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். குடத்தின் ஓட்டைகளில் சுண்டு விரலை விட்டு ஒவ்வொன்றாகத் துழாவினாள். மூன்றாவது வண்டியும் போய்விட்டது. விரலை வெளியே எடுத்தபோது நகத்தில் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது, மெருகு மெழுகில் கறுத்துப்போய். துணிச் சக்கரத்தின் பிசிறு.

எழுந்தாள்.

“அண்ணா, இறங்கு.”

“எல்லாரும் பாக்கறாங்க. தள்ளு.”

“அண்ணா!”

“மெதுவாத்தான் போவேன். மூணு வருஷம் உழைச்சிருக்கேன்மா. ஏறிட்டு வந்துடறேன்.”

“இறங்கறப்போ?”

அவர் கிளட்சை மிதித்தார். நான்காவது வண்டி நகர்ந்தது. கொடிக்காரர் எங்களைப் பார்த்தார்.

பஸ் டயரைப் பார்த்துவிட்டு ஏறுகிற என் நாத்தனார் அப்போது செய்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்கு முன்னால் போய் நின்று, வெறுங்கையால் ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடித்து இழுத்தாள். மின்சாரம் தாக்கி முழங்கைவரை துள்ளியது. ஒரு சிலிண்டர் செத்தது. மற்றது ‘டுக்கு டுக்கு’ என்று நொண்டியது. அவர், “ஏய், கையை எடு!” என்று கத்தினார். அவள் இடது கையால் இரண்டாவது ஒயரையும் பிடுங்கினாள். அந்த அமைதி எங்கள் மேல் மூட்டைபோல விழுந்தது.

“இந்த வண்டி போகாதுங்க,” என்றாள் கொடிக்காரரிடம், கையை உதறிக்கொண்டே. “அடுத்ததை விடுங்க.”

பல் டாக்டர் எங்களைத் தாண்டிப் போகவில்லை. அவரும் என்ஜினை அணைத்துவிட்டார்.

வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இறக்கியதும் என் வீட்டுக்காரர், “நாளைக்கு அதுல ஒண்ணுமே இல்லன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு ரெண்டு பேருக்கும்” என்றார். எனக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. இல்லையென்றால் வெறும் திட்டோடு போகும். இருந்தால், என்ன செய்யவிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

நாத்தனார் குடத்தைக் கழற்றி, காஸ்டிக் சோடா கரைசலில் முக்கினாள். அது அலுமினியத்தின் மேல்தோலை மெல்ல அரித்து, மூடிய வாயைத் திறக்கும். நுரைத்தது. என் பளபளப்பு கறுத்துப்போனது. கழுவி, காயவைத்து, மண்ணெண்ணெயில் போட்டு மறுநாள் மதியம்வரை விட்டாள். ஒரு மணிக்குக் கொட்டகைக்குள் போனாள்.

“ரெண்டு பேரும் வெளியவே இருங்க.” கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். நான் நின்றேன். உள்ளே துணி உரசுவது கேட்டது. பிறகு அரத்தில் சாக்பீஸைத் தேய்க்கிற சத்தம், சுர் சுர் என்று. பிறகு அதுவும் நின்றது. என் வாழ்க்கையில் எத்தனையோ கதைகளுக்கு ஆட்களை வாய் பிளந்து காக்கவைத்திருக்கிறேன். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். எறும்பு ஒன்று அவர் செருப்பில் ஏறி இறங்கி மறுபடி ஏறியது. அவர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏம்மா, என்ன ஆச்சு?” என்றார் கதவைப் பார்த்து. “உன்னைத்தான் கேக்கறேன்.”

கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. குடம் மேசைமேல் மாவில் புரட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. அவள் விளக்கைத் தாழ்த்தினாள். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு, தலைமுடி தடிமனில், ஈரமான ஒரு கோடு. பென்சிலால் இழுத்த மாதிரி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் அகலமானது.

அவர் அதைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

“எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும்?”

“ஏத்தம் தாங்கியிருக்கும்னு நினைக்கறேன் அண்ணா.”

“இறக்கம்?”

அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

இப்போது வண்டியில் இரும்புக் குடம்தான். எங்கள் தெருவைச் சுற்றி சைக்கிள் வேகத்தில் ஓடுகிறது. ஐந்தோ ஆறோதான் மிச்சம் என்ற அந்தக் குடத்தை அவள் அன்றே சம்மட்டியால் அடித்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். அண்ணன் தடுக்கவில்லை.

இவ்வளவையும் அவளிடமே வாசித்துக் காட்டினேன். துணி காயப்போடும் கிளிப் ஒன்றில் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டே கேட்டாள். மீசை தெரிந்ததற்குச் சிரித்தாள், தைலத்துக்குச் சிரிக்கவில்லை. முடித்ததும், “எல்லாம் சரிதான் அண்ணி, ஒரே ஒரு தப்பு” என்றாள்.

“கூட்டிச் சொல்லிட்டேனா?”

“கோடு ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. மூணு. மத்த ரெண்டும் இதைவிடப் பெருசு. அண்ணன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் அந்தப் பக்கத்தைக் கீழ வச்சுத் திருப்பிட்டுக் கதவைத் திறந்தேன். ஏத்தமும் தாங்கியிருக்காது.”